வடகடல் நீலம், தென்கடல் சிவப்பு

போன மாதம் அக்காவின் மகள் திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்தாள். வந்தவள் உட்காரக்கூட இல்லை. துணிப்பைக்குள் கையை விட்டு ஒரு பழைய ஐஸ் பிளாஸ்க்கை எடுத்து என் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். அகன்ற வாய், சிவப்பு உடம்பு, சிவப்பு மூடி. அந்தக் காலத்தில் வசதியான வீடுகளில் ஐஸ்கிரீம் வாங்கி வருவதற்கென்று ஒன்று வைத்திருப்பார்களே, அந்த வகை. உடம்பில் வெள்ளைப் பெயின்ட்டில் ‘தெ’ என்று ஒற்றை எழுத்து, பாதி உதிர்ந்து கிடந்தது. “அம்மா இத உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க சித்தி. நகைநட்டப் பத்திக்கூட இம்புட்டுச் சொல்லல” என்றாள். அக்காவுக்குக் காரியம் முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. நான் எழுந்து போய் அலமாரியின் மேல்தட்டிலிருந்த நீல பிளாஸ்க்கை இறக்கி வந்து அதன் பக்கத்தில் வைத்தேன். அதில் ‘வ’ என்று எழுதியிருக்கும். “அட, ஒரு செட்டா? அப்புறம் ஏன் சித்தி ஆளுக்கு ஒண்ணா வச்சிருந்தீங்க?” என்று கேட்டாள். பதில் சொல்ல வேண்டுமானால் ஒரு மீனிலிருந்து தொடங்கவேண்டும். தொடங்கினால் பாதியில் எனக்குக் கோபம் வந்துவிடும். தாயைப் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கும் பிள்ளைமுன் அது நன்றாக இருக்காது. காப்பி போட்டுக் கொடுத்து, பஸ் ஏற்றி அனுப்பிவிட்டேன். அவளிடம் சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அக்கா என்றால் என் கூடப்பிறந்தவர் அல்ல. எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் நாங்கள் இருவரும் ஆய்வு மாணவிகள். அவர் எனக்கு மூத்தவர், அதனால் அக்கா. நான் சோழவந்தானிலிருந்து தினமும் ரயிலில் வந்து போனேன். கொடிக்காலில் வெற்றிலையைக் கடிக்கும் பூச்சிகள்தான் என் ஆய்வு. எனக்கு வேண்டிய பூச்சிகள் எங்கள் வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் கிடைக்கும். அக்கா வாடிப்பட்டிக்காரர். நெல்லுக்கும் தென்னைக்கும் நடுவே வளர்ந்தவர், போயும் போயும் கடல் மீனை எடுத்துக்கொண்டார். மதுரையில் உட்கார்ந்துகொண்டு கடல் மீனை ஆராய்வது என்ன புத்தி என்று நான் கேலி செய்யாத நாள் கிடையாது. கொண்டையில் செருகிய பென்சிலை உருவி என் மண்டையில் ஒரு தட்டு தட்டுவார். “சின்னப் புள்ளையில ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போனாகடி. ரயிலு பாலத்துல ஊர்ந்து போகுது. இந்தப் பக்கத்து சன்னல்ல பாத்தா தண்ணி குளம் மாதிரி அடங்கிக் கெடக்கு. அந்தப் பக்கத்து சன்னல்ல பாத்தா குதிக்குது. ரெண்டும் ஒரே கடல்னு அப்பா சொன்னாரு. நான் அப்பவே நம்பல” என்பார்.

அந்தக் கரையில் இருப்பவர்கள் ஒரே கடல் என்று சொல்வதும் இல்லை. பாம்பனுக்கு வடக்கே இருப்பது வடகடல், தெற்கே இருப்பது தென்கடல். இரண்டுக்கும் நடுவே தீவும் மணல் திட்டுகளும் ஆழமில்லாத ஒரு கால்வாயும் கிடக்கின்றன. மடவை மீன் இரண்டு பக்கத்திலும் கிடைக்கிறது. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், குழம்பில் போட்டால் ருசியிலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் வடகடல் மடவையும் தென்கடல் மடவையும் ஒன்றோடொன்று சேர்ந்து குஞ்சு பொரிக்கின்றனவா, அல்லது தலைமுறை தலைமுறையாக அதனதன் கடலிலேயே பிறந்து அங்கேயே சாகின்றனவா? அக்காவின் கேள்வி அவ்வளவுதான். அலங்காரமாக எழுதினால் ‘கடலோர மீனினம் ஒன்றின் மரபியல் கூட்டமைப்பு’. அக்கா பேசுகையில் “ரெண்டு கடல் மீனும் ஒரே சொந்தமா, வேற வேற சொந்தமா” என்றுதான் சொல்வார். இன்றைக்கு வாலில் ஒரு துணுக்கை வெட்டிச் சாராயக் குப்பியில் போட்டுத் தபாலில் அனுப்பினால்கூடப் போதும் என்கிறார்கள். எங்கள் காலத்தில் ஈரல் வேண்டும். மீன் செத்ததும் முதலில் கெடுவது அதுதான். ஈரலை அரைத்துச் சாறு எடுத்து, மாவைக் காய்ச்சித் தட்டில் ஊற்றி இறுகவைத்த பாளத்தில் அந்தச் சாற்றை வரிசையாக வைத்து, மணிக்கணக்காக மின்சாரம் பாய்ச்சினால் ஒவ்வொரு மீனின் புரதமும் அதனதன் தூரத்துக்கு நகரும். பிறகு சாயம் ஊற்றினால் ஊதா நிறத்தில் கோடுகள் எழும்பும். இரண்டு கடல் மீன்களின் கோடுகளும் வேறு வேறு இடத்தில் நின்றால் அவை தனித்தனிக் கூட்டம். அக்கா அந்தக் கோடுகளைப் ‘பிள்ளைகள்’ என்று சொல்வார்.

சொல்வதற்கு எளிது. அந்தப் பாளத்துக்கான மாவு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அது வருவதற்குள் எங்களுக்குக் கிழடு தட்டிவிடும் போலிருந்தது. ஜவ்வரிசியைக் காய்ச்சிப் பார்த்தோம், பசை ஆனது. கடையில் கிடைத்த கிழங்கு மாவைக் காய்ச்சிப் பார்த்தோம், களி ஆனது. ஆய்வுக்கூட உதவியாளர் எட்டிப் பார்த்து “தொட்டுக்க வெல்லம் வாங்கியாரவா தங்கச்சி?” என்று கேட்டுவிட்டுப் போனார். ஒருவழியாக நல்ல மாவு வந்து பாளம் சரியாக இறுகினால் மின்சாரம் நின்றுவிடும். அந்த ஆண்டுகளில் மதுரையில் மின்வெட்டுக்கு நேரம் காலம் கிடையாது. கோடுகள் பாதி வழியில் நிற்கையில் மின்விசிறி சுற்றுவது நின்றுவிடும். அக்கா பாளத்தைத் தூக்கிக் குப்பையில் கொட்டுவார். அழமாட்டார். எனக்குத்தான் யாரையாவது அடிக்கலாமா என்று இருக்கும்.

முதல் மீன்களை அக்கா தாமே போய்க் கொண்டுவந்தார். அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, பாம்பன் பாலத்துக்கு இக்கரையில் இருக்கும் மண்டபம் ஊருக்குப் போய், வடகரையில் இறங்கிய படகில் நீல பிளாஸ்க்குக்கும் தென்கரையில் இறங்கிய படகில் சிவப்பு பிளாஸ்க்குக்கும் மீன் எடுத்தார். ரயிலில் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டே வந்தாராம். அவற்றை வைத்து ஓட்டிய பாளம் மட்டும் எப்படியோ மின்வெட்டுக்குத் தப்பியது. சாயம் ஊற்றி மூடி வைத்துவிட்டு நாங்கள் இருவரும் பக்கத்திலேயே நின்றோம். மூடியைத் திறந்தபோது நான் என் கண்ணால் பார்த்தேன். தென்கடல் மீன்களின் கோடு ஒரு வரிசையில் நின்றது. வடகடல் மீன்களில் பெரும்பாலானவற்றின் கோடு அதற்கு ஒரு விரற்கடை முன்னால் ஓடி நின்றது. கண் தெரியாதவர்கூடத் தடவிச் சொல்லிவிடலாம் என்று அக்கா கத்தினார். எங்கள் வழிகாட்டிப் பேராசிரியரை, நாங்கள் சார் என்றே சொல்வோம், கூப்பிட ஓடினேன். சார் ஊரில் இல்லை. அவர் வீட்டு விசேஷம். படம் எடுத்து வைக்கலாம் என்றால் துறையின் ஒரே கேமராவும் அந்த விசேஷத்துக்குத்தான் போயிருந்தது. சார் திரும்பி வருவதற்குள் பாளம் காய்ந்து அப்பளமாக நொறுங்கிவிட்டது. தட்டில் கிடந்த துண்டுகளைப் பார்த்துவிட்டு, “முதல் ஓட்டத்தில் இப்படித்தான் எதையாவது காட்டும். திரும்பச் செய்யுங்கள், பார்ப்போம்” என்றார். இன்றுவரை அந்தக் கோடுகளுக்குச் சாட்சி நாங்கள் இரண்டு பேர்தான்.

திரும்பச் செய்வதற்குள் அக்காவுக்குக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை வீடு மதுரையிலேயே, தெற்கு வெளி வீதிப் பக்கம். ஆய்வைத் தொடரலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்கள், ஆனால் கடற்கரைக்குப் போகக்கூடாது. “நம்ம வீட்டு மருமக படகுத் துறையில நின்னு மீன் பொறுக்குனா நாலு பேரு என்ன நெனைப்பாக” என்று மாமனார் கேட்டார். அக்காவின் வீட்டுக்காரர் நல்ல மனிதர். அப்பாவை எதிர்த்துப் பேசாத அளவுக்கு நல்லவர். இந்தக் கதையில் வரும் எல்லோருமே நல்லவர்கள்தான், என் எரிச்சலே அதில்தான் இருக்கிறது. ஒரு கெட்டவன் குறுக்கே வந்திருந்தால் அவனைத் திட்டியாவது ஆறியிருப்பேன். நான் போய் எடுத்து வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். கல்யாணமாகாத பெண் தனியாக மண்டபம் போவதா என்று எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய கூச்சல் எழுந்தது.

அப்போதுதான் பாய் வந்து சேர்ந்தார். பழைய நகரத்தில் மீன் கடை வைத்திருந்த வியாபாரி. அக்காவின் புகுந்த வீட்டுக்கு வாடிக்கையாக மீன் கொடுப்பவர். வெள்ளைக் கைலி, தோளில் பச்சைத் துண்டு, வாயில் எப்போதும் ஒரு ‘இன்ஷா அல்லா’. மண்டபத்திலிருந்து காலை ரயிலில் அவருக்குக் கூடைகள் வரும். இரண்டு கரையிலும் அவருக்கு ஆள் இருந்ததால் வடகடல் மீன் தனிக் கூடையிலும் தென்கடல் மீன் தனிக் கூடையிலும் வந்து இறங்கும். கடவுள் கண் திறந்துவிட்டார் என்று நாங்கள் நினைத்ததில் தப்பில்லை. அக்கா இரண்டு பிளாஸ்க்குகளையும் கொண்டுபோய்க் கொடுத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். “வடகடல் மீனு நீலத்துல பாய். தென்கடல் மீனு சிவப்புல. அப்புறம் இன்னொண்ணு, ரொம்ப முக்கியம். நைஞ்ச மீனு மட்டும் வேணாம். ஈரல் கெட்டுச்சுன்னா எனக்கு எல்லாமே கெட்டுச்சு.” பாய் மார்பில் கை வைத்து, “கவலைய விடுங்க டீச்சரம்மா. உங்களுக்கு ஒரு கெட்ட மீனு வந்தா நான் இந்தத் தொழிலையே விட்டுர்றேன்” என்றார். சொன்னபடியே நடந்தார். காலையில் போனால் இரண்டு பிளாஸ்க்கும் ஐஸ் நிரம்பித் தயாராக இருக்கும். உள்ளே மீன் ஒவ்வொன்றும் கண் பளிச்சென்று, செவுள் சிவந்து, அழுத்தினால் விரல் பதியாத அளவுக்குக் கெட்டியாக இருக்கும். காற்று மாறி ஒரு பக்கத்துக் கடல் கொந்தளிக்கிற மாதங்களில்கூட ஒரு பிளாஸ்க்கும் வெறுமனே வந்ததில்லை. இப்படி ஒரு மனிதர் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆனால் கோடுகள் காணாமல் போயின. காணாமல் போயின என்றால் கோடே இல்லாமல் அல்ல. நீல பிளாஸ்க் மீன்களில் முன்னால் ஓடிய கோடும் இருந்தது, பின்னால் நின்ற கோடும் இருந்தது. சிவப்பிலும் அப்படியே. ஒரு மாதம் இப்படி என்றால் அடுத்த மாதம் இன்னொரு மாதிரி. மழைக்காலத்தில் ஓட்டினோம், கோடையில் ஓட்டினோம். அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் ஊரே ஆற்றங்கரையில் நிற்க, நாங்கள் இரண்டு பேரும் ஆய்வுக்கூடத்தில் வியர்த்து ஒழுகியபடி பாளம் ஊற்றினோம். எப்படி ஓட்டினாலும் இரண்டு கடலும் ஒன்றுபோலவே காட்டின. சாருக்குத் திருப்தி. கடலில் சுவரா இருக்கிறது, மீன் இங்கும் போகும் அங்கும் போகும் என்பது அவர் முதலிலிருந்தே சொல்லி வந்தது. “ஒரே கூட்டம் என்று எழுதி முடித்துவிடுங்கள் அம்மா. அதுவும் ஒரு முடிவுதானே” என்றார். அக்கா தலையாட்டிவிட்டு வருவார். வந்து, பாளத்தின் முன்னால் உட்கார்ந்து, பென்சிலைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அவரை அரித்தது வேறொன்று. இரண்டு வகையும் ஒரே கடலில் கலந்து வாழ்ந்து சேர்ந்து குஞ்சு பொரித்தால், தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு கோடும் சேர்ந்தே உள்ள மீன்கள் நிறைய இருக்க வேண்டும். எங்கள் பாளங்களில் அப்படிப்பட்ட மீன் அபூர்வமாகத்தான் தட்டுப்பட்டது. முன்கோட்டு மீன் உண்டு, பின்கோட்டு மீன் உண்டு, இரண்டும் சேர்ந்தது மட்டும் கணக்குப்படி வரவேண்டிய அளவுக்கு வரவே இல்லை. “இங்கேருடி. ஒரே ஊருல ரெண்டு சாதியும் குடியிருக்கு, பக்கத்துப் பக்கத்து வீடு. ஆனா ஒரு கல்யாணங்கூட நடக்கலன்னா என்ன அர்த்தம்? கலந்துதான் வாழுதுன்னா கலந்த பிள்ளைக எங்க?” என்று என்னைக் கேட்பார். சாரிடமும் இதைக் கொண்டுபோனார். சாதி உதாரணம் சொல்லாமல், முறையாகக் கணக்குப் போட்டுத்தான் கொண்டுபோனார். சாயம் சரியாக ஏறவில்லை, அதனால் இரண்டாவது கோடு தெரியவில்லை என்று சார் ஒரே வரியில் சொல்லிவிட்டார். உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை என்பதைத்தான் அப்படி நாகரிகமாகச் சொன்னார். நான் கொதித்தேன். அக்கா கொதிக்கவில்லை, சந்தேகப்பட ஆரம்பித்தார். சார்மேல் அல்ல, தம்மேலேயே. முதல் நாள் பார்த்த கோடுகளையே சந்தேகப்பட்டார். “நம்ம ஆசைப்பட்டதப் பாத்துட்டமோ? உண்மையிலேயே தள்ளித்தான் நின்னுச்சா?” என்பார். எனக்கு அவர்மேலேயே எரிச்சல் வரும். கண்ணால் பார்த்ததை நம்பாமல் வேறு எதை நம்புவது என்று சத்தம் போடுவேன். இருந்தும் அவர் குரல் நாளுக்கு நாள் தாழ்ந்துகொண்டே போனது. ஒரு கெட்டிக்காரப் பெண் தன் கண்ணைத் தானே நம்பாமல் போவதைப் பக்கத்து மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது என்ன வேதனை என்று இப்போதும் எழுத வரவில்லை.

கடைசியில் ‘ஒரே கூட்டம்’ என்றே ஆய்வேட்டை எழுதினார். அப்போது அவர் நிறைமாதம். உதவித்தொகைக் காலம் முடிந்திருந்தது, சாரும் ஓய்வுபெற இருந்தார், இனி நீட்டிக்க வழியில்லை. தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டு வந்த அன்று, இத்தனை காலம் மீன் கொடுத்த பாய்க்கு ஒரு வார்த்தை நன்றி சொல்ல வேண்டாமா என்று அல்வாப் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பாய்க்கு ஒரே சந்தோஷம். பையனை விரட்டி டீ வாங்கிவரச் சொன்னார், பலகையைத் துண்டால் துடைத்து அக்காவை உட்காரவைத்தார். “உங்க மீனாலதான் பாய் என் படிப்பே முடியுது. ஒரு நாள்கூட நைஞ்ச மீனு வரல” என்றார் அக்கா.

பாய்க்குப் பெருமை தாங்கவில்லை. “எப்படி வரும் டீச்சரம்மா? மொத நாளே நீங்க சொன்னீங்களே, ஈரல் கெட்டா எல்லாமே கெட்டுச்சுன்னு. அத அப்படியே மனசுல பிடிச்சுக்கிட்டேன். வடகடல் கூடையில நைஞ்சு கெடந்துச்சுன்னா, தென்கடல் கூடையில கெட்டியா இருக்கறதாப் பாத்து எடுத்து நீலத்துல வச்சுருவேன். அங்க இல்லாட்டி இங்க, இங்க இல்லாட்டி அங்க. காத்து காலத்துல ஒரு பக்கம் மீனே வராது, அப்பகூட வெறும் பிளாஸ்க்க அனுப்பியிருப்பனா? படிக்கிற புள்ளைக்கு நைஞ்ச மீனக் குடுத்து விட்டா அல்லா கேக்க மாட்டானா என்னய?”

அல்வாப் பொட்டலத்தை நீட்டிய அக்காவின் கை அப்படியே நின்றது. அக்கா மெதுவாக, “எப்ப இருந்து பாய்?” என்றார். “மொதல்ல இருந்தேதான் டீச்சரம்மா!” என்று பாய் சிரித்தார். அவர் முகத்தில் அப்படியொரு நிறைவு. அக்கா பொட்டலத்தை அவர் கையில் வைத்தார். “ரொம்ப நன்றி பாய்” என்றார். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

தெருவுக்கு வந்ததும் நான் வெடித்தேன். அந்த ஆளைப் போய் ஒரு வார்த்தை கேட்டே ஆகவேண்டும் என்று திரும்பினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. “அவரு என்னடி பண்ணுவாரு? நான் ரெண்டு விசயம் சொன்னேன். எது மரியாதையா பட்டுச்சோ அதக் காப்பாத்திட்டாரு. மடவை மடவைதான அவருக்கு?” என்றார். கொஞ்ச தூரம் நடந்தோம். திடீரென்று நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, சிரிப்பு நிற்கவில்லை. “கலந்த பிள்ளைக எங்க எங்கன்னு தேடுனேன்லடி! அதுக கடல்ல சந்திக்கவே இல்லடி. பாய் கூடையிலதான் சந்திச்சிருக்கு!” போகிற வருகிறவர்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். நானும் சிரித்தேன், பிறகு அழுதேன். இப்போது நினைத்தாலும் எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

மறுநாள் சாரிடம் போனோம். அக்கா நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். மீன் மாறியிருப்பதால்தான் இரண்டு கடலும் ஒன்றுபோலத் தெரிகிறது, கலந்த பிள்ளைகள் இல்லாததற்கும் அதுவே காரணம், ஒரே ஒரு பருவம் கொடுங்கள், குழந்தை பிறந்ததும் நானே கரைக்குப் போய் மீன் எடுத்து வருகிறேன் என்றார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரும் கல்நெஞ்சக்காரர் அல்ல. ஆனால் அவருக்கு நாள் இல்லை, அவர் போய்விட்டால் அக்காவை ஏற்றுக்கொள்ள அந்தத் துறையில் வேறு ஆளும் இல்லை. “மீன்காரர் கூடையைப் பற்றி ஆய்வேட்டில் எழுத முடியாது அம்மா. தட்டச்சு ஆகிவிட்டது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள், பட்டம் வரட்டும், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றார்.

“ஒரே கூட்டம்னு எழுத மாட்டேன் சார். தெரியலன்னு எழுத விடுங்க.”

“தெரியவில்லை என்று எழுதினால் யார் அம்மா பட்டம் தருவார்கள்?”

அக்கா கையெழுத்துப் போடவில்லை. நான் கெஞ்சினேன். அவர் வீட்டுக்காரர் கெஞ்சினார். கடற்கரைக்குப் போகாதே என்ற அதே மாமனார்கூட, ஒரு கையெழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. நாடு முழுக்க எத்தனையோ ஆய்வேடுகளில் எத்தனையோ கூடைகள் மாறியிருக்கும், உன் மடவையை மட்டும் யார் தேடி வரப்போகிறார்கள் என்று கத்தினேன். “நான் தேடி வருவேன்டி” என்றார். அவ்வளவுதான். பெண் பிறந்தாள். வீட்டுக்காரருக்குத் திண்டுக்கல்லுக்கு மாற்றல் வந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்தார். பாய் முதல் நாளிலிருந்து கூப்பிட்ட ‘டீச்சரம்மா’வாகவே ஓய்வுபெறும்வரை இருந்தார். கடற்கரைக்குப் போக யாரும் தடுக்காத காலம் வந்தபோது பாளம் ஊற்ற அவருக்கு ஆய்வுக்கூடம் இல்லை.

ஊரைவிட்டுப் போகும்போது நீல பிளாஸ்க்கை என்னிடம் கொடுத்தார். சிவப்பைத் தம் பெட்டியில் வைத்துக்கொண்டார். சேர்த்தே எடுத்துப் போகக்கூடாதா என்றேன். “ரெண்டும் ஒரே வீட்டுல இருந்தா யாராச்சும் நல்லது செய்யிறேன்னு மாத்தி வச்சிருவாகடி” என்றார். கேலியாகத்தான் சொன்னார், ஆனால் எடுத்துப் போகவில்லை.

பாயிடம் எதையும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அதைக் காப்பாற்றியதைப்போலக் கஷ்டமான காரியம் நான் வேறு செய்ததில்லை. எனக்குக் கல்யாணமாகி மதுரையிலேயே குடித்தனம் வந்த பிறகு அந்தக் கடைப் பக்கம் போகும்போதெல்லாம் பாய் கேட்பார், “டீச்சரம்மாவுக்கு டாக்டர் பட்டம் வந்துருச்சா தங்கச்சி?” வந்துவிடும் பாய் என்பேன். “வரும், வரும். எம்புட்டு நல்ல மீனு குடுத்தேன்!” என்பார். பிறகு என் பையை வாங்கி, கூடை கூடையாகப் புரட்டி, ஒன்றில் இருந்து ஒன்று, இன்னொன்றில் இருந்து ஒன்று என்று நல்லதாகப் பொறுக்கிப் போடுவார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். மீன் என்னவோ அருமையாகத்தான் இருக்கும்.

அக்கா அதற்குப் பிறகு புலம்பியதில்லை. பள்ளிக்கூடம், பிள்ளை, மாடித் தோட்டம் என்று நன்றாகவே வாழ்ந்தார். ஆனால் ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு நாள் என்னைக் கூப்பிடுவார். ஆரம்பத்தில் ட்ரங்கால், பிறகு வீட்டு போன், பிறகு செல்போன். உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி என்றெல்லாம் கேட்பார். வைக்கப்போகிற நேரத்தில் குரலைத் தாழ்த்தி, “ஏன்டி, அந்த மொத தடவ. நீயும் பாத்தல்ல? கோடு தள்ளித்தான் நின்னுச்சு?” என்பார். “பாத்தேன்க்கா. ஒரு விரற்கடை முன்னால நின்னுச்சு” என்பேன். “ஆங்” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் கேட்டார். அப்போது குரல் எழும்பவில்லை, உதட்டை அசைத்தார். நான் அதே பதிலைச் சொன்னேன்.

இரண்டு பிளாஸ்க்கும் மேசையிலேயே கிடந்தன. நேற்று வீட்டு வேலைக்கு வரும் பெண், நான் கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில், இரண்டையும் எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்து ஜன்னல் ஓரமாக ஜோடியாக வைத்திருந்தாள். புதிது மாதிரி மின்னின. “பெயின்ட்டுக் கறை அப்பியிருந்துச்சும்மா. கத்தியால சுரண்டி எடுத்துட்டேன். மூடியையும் மாத்திப் போட்டேன், நீலத்துக்குச் செவப்பு, செவப்புக்கு நீலம். பாக்கறதுக்கு எம்புட்டு அழகா இருக்கு பாருங்க!” என்றாள். ‘வ’வும் இல்லை, ‘தெ’யும் இல்லை. என் வாய் திறந்துவிட்டது. இத்தனை வருடமாக யாரையாவது திட்டவேண்டும் என்று வைத்திருந்ததெல்லாம் தொண்டைவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அன்று கடையில் பாய் முகத்தில் இருந்த அதே நிறைவு.

“ரொம்ப நன்றிம்மா” என்றேன்.

அவள் போகும்வரை காத்திருந்து மூடிகளை மாற்றினேன். நீலத்தை அலமாரியின் மேல்தட்டிலும் சிவப்பைப் படுக்கையறைப் பெட்டியிலும் வைத்தேன். வந்து சாப்பாட்டு மேசைமுன் உட்கார்ந்தபோது, கேட்பதற்கு இனி ஆள் இல்லை என்பது உறைத்தது. யாரும் கேட்காமலேயே, “பாத்தேன்க்கா” என்றேன்.